இலையும் இரத்தமும்

சங்கநூல்களைப் பயிலும் மாணவர்க்குப் பசலை என்னும் சொல் புதியதன்று. தலைவன் பிரிந்த காலத்துத் தலைவியின் மேனியிற் படரும் நிறவேறுபாட்டை நம் புலவர் அச்சொல்லாற் குறித்தனர். அப்பசலைக்கு மருந்து தலைவனது வருகை ஒன்றே. ஆனால், உள்ளத்தில் யாதொரு நோயுமின்றி, உடலின் குறையினாலேயே மேனி வெளிறுதலும் உண்டு. அதனைச் சோகை என்று மக்களும், பாண்டு என்று மருத்துவ நூலாரும் வழங்குவர். பாண்டு என்பதற்கு வெண்மையோடு கூடிய மஞ்சள் நிறம் என்பது பொருள். இக்கட்டுரையில் யான் கூறப்புகுவது இந்த இரண்டாவது வெளிறலைப்பற்றியதாகும்.

தமிழ் பயில்வோன் வைத்திய சாஸ்திரத்தில் நுழைவதேன் என்று நண்பர் சிலர் வினவினர். அதற்கு விடை என் வீட்டிலேயே உள்ளது. என் அத்தையார் அறுபது வயதைக் கடந்தவர்; நாள்தோறும் மாலையில் தனியே கோயிலுக்கு நடந்து சென்று இருட்டியபின் திரும்பும் வழக்கமுடையவர். சில ஆண்டுகளுக்குமுன் அவர்க்கு இளைப்பும் தளர்ச்சியும் தோன்றின, முகம் வெளிறிற்று, நாக்குச் சிவந்து வழவழப்பாகி, காரம் பட்டால் எரிந்தது. வயதின் குறை என்றனர் உறவினர். இரத்தக்குறைக்கு இரும்புச்சத்தே மருந்தென்று கருதி மாதக்கணக்கில் அம்மருந்தே தரப்பட்டது, பயனில்லை. பின்னர், வேறொருவர் சொற்படி ஃபோலிக் அமிலம் என்னும் மாத்திரையைத் தந்தோம். சில வாரங்களில் முகத்தில் நிறம் ஏறிற்று. வீட்டார் அனைவரும் களிப்புற்றோம். ஆயினும், அதே காலத்தில் அவருடைய பாதங்கள் மரத்துப்போயின. இருளில் நடக்குங்கால் தடுமாறினார். இரத்தம் தேறும்போதே நரம்பு கெடுவானேன்? இவ்வினாவே என்னை எங்கள் கல்லூரி நூல்நிலையத்தில் விஞ்ஞான நூல்கள் இருக்கும் பகுதிக்குச் செலுத்தியது. அங்கு யான் அறிந்தவற்றை என்னைப்போன்ற பிறரும் அறியுமாறு எழுதுகின்றேன்.

இரத்தத்திற்குச் செந்நிறம் தருவன செவ்வணுக்கள். நாம் உட்கொள்ளும் பிராணவாயுவைச் சுமந்து உடலெங்கும் கொண்டுசெல்வன இவையே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து அழியும். அழிந்தவற்றின் இடத்தை நிரப்பும்பொருட்டு, எலும்பினுள்ளிருக்கும் மஜ்ஜையானது நொடிக்கு ஏறக்குறைய 20 இலட்சம் புதிய அணுக்களை இடைவிடாது ஆக்கி அனுப்புகின்றது. நாம் உறங்கும்போதும் இவ்வேலை உறங்குவதில்லை. இதற்கு இருவகைப் பொருள்கள் வேண்டும். ஒன்று, பிறந்த அணுவை நிரப்பும் செந்நிறப் பொருளுக்குரிய சரக்கு. இரும்பு அதைச் சேர்ந்தது. மற்றொன்று, அணு இரண்டாகப் பிரிந்து புதிய அணு பிறத்தற்குரிய சரக்கு. முன்னது குறைந்தால் அணுக்கள் பிறக்கும். ஆனால் சிறுத்து வெளிறியிருக்கும். பின்னது குறைந்தால், பிறப்பனவே சிலவாய், அவையும் அளவுக்கு மிஞ்சிப் பருத்திருக்கும். ஒரே பெயரால் வழங்கும் சோகையில் இவ்வாறு ஒன்றற்கொன்று மாறான வகைகள் உள்ளன. முதல்வகைக்குரிய மருந்தை இரண்டாம் வகையினர்க்குத் தருதல், நெல் இல்லாத வீட்டிற்கு விறகு அனுப்புதல் போலாம்.

பருத்த அணுக்களையுடைய இச்சோகையின் வரலாறு சுவை மிக்கது. இங்கிலாந்தில் தாமஸ் அடிசன் என்னும் வைத்தியர் 1849-ஆம் ஆண்டில், வெளிப்படையான காரணம் யாதுமின்றி மெல்ல மெல்ல வெளிறி இறப்போரின் நோயை விவரித்தார். அது பின்னர்க் கொடுஞ்சோகை என்று பொருள்படும் பெயரைப் பெற்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அதற்கு மருந்தில்லை. அந்நோய் கண்டவர் சாவை எதிர்நோக்கியிருப்பதன்றி வேறு வழியில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள் என்பவர், இரத்தம் வடிக்கப்பட்ட நாய்களுக்குப் பலவகை உணவுகளைத் தந்து பார்த்து, ஈரல் மிகவும் பயன்படுவதைக் கண்டார். அதைப் பின்பற்றி ஜார்ஜ் மைனட், வில்லியம் மர்பி என்னும் இருவர், கொடுஞ்சோகை கொண்ட 45 பேர்க்கு நாள்தோறும் ஈரலை நிறைய உண்பித்து, அவர்கள் தேறியதை 1926-இல் வெளியிட்டனர். மூவர்க்கும் 1934-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

ஈரலில் உள்ள பொருள் யாது, ஏனையோர் அதனைச் சிறிதளவே உண்டும் நலமாயிருக்க, நோயாளர்க்கு மட்டும் அது ஏன் பெருவாரியாக வேண்டியிருக்கிறது என்னும் வினா எழுந்தது. வில்லியம் காசில் என்னும் இளம் வைத்தியர் அதற்கு விடைகாணச் செய்த பரிசோதனை, கேட்போர் முகஞ்சுளிக்கத்தக்கது. அவர் இறைச்சியைத் தாமே உண்டு, ஒருமணி நேரத்திற்குப் பின் அதனை வெளிக்கொணர்ந்து, நோயாளர்க்குக் குழாய்வழி ஊட்டினார். அவர்கள் தேறினர். அதே இறைச்சியை நேராக ஊட்டியபோது தேறவில்லை. ஆகவே, நலமுள்ள வயிற்றில் ஒரு துணைப்பொருள் சுரக்கின்றது. உணவிலுள்ள சத்தை உடல் ஏற்பதற்கு அது வேண்டும். கொடுஞ்சோகையாளர்க்கு அச்சுரப்பு அற்றுவிட்டது என்று 1929-இல் அவர் துணிந்தார். வாயில் இட்டது உடலிற் சேர்ந்தது என்று எண்ணுதல் பிழை என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.

நிற்க. இவ்வாராய்ச்சிகள் அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1928-ஆம் ஆண்டில், லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது பம்பாய்க்கு வந்தார். அந்நகரத்து நெசவாலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்திற் கடுமையான சோகை கண்டு மடிந்துகொண்டிருந்தனர். அவர்களது இரத்தத்திலும் அணுக்கள் பருத்தே காணப்பட்டன. கிருமியால் வந்த நோயோ என்று அவர் முதலில் ஆராய்ந்தார், அதற்குச் சான்றில்லை. பின்னர், அப்பெண்கள் உண்பதென்ன என்று நோக்கினார். காய்கறியும் கனியும் பாலும் மிகக் குறைந்த உணவே அவர்க்குக் கிடைத்தது. அத்தகைய உணவை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அளித்து அவர் பரிசோதனை செய்தார்.

இவ்வாராய்ச்சிக்கு நம் நாட்டோடும் நேரான தொடர்புண்டு. 1929-இல் அவ்வம்மையார் சில மாதம் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் தங்கித் தம் வேலையை நடத்தினார். 1931-இன் தொடக்கத்தில் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என வழங்கிய மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்தார். அதுவே இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது. அவர் கண்ட மருந்து விலையுயர்ந்ததன்று. பீர் வடித்தபின் எஞ்சும் ஈஸ்ட் என்னும் நொதியிலிருந்து எடுக்கும் மார்மைட் என்னும் சாறே அது. இங்கிலாந்தில் ரொட்டியின்மேல் தடவி உண்பதற்குக் கடைகளில் விற்கும் எளிய பண்டம். அதனை உண்ட கர்ப்பிணிகள் சில நாட்களிலேயே தேறத் தொடங்கினர். இச்செய்தியை 1931-இல் அவர் வெளியிட்டார். இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. கொடுஞ்சோகையைத் தீர்க்கவல்ல தூய ஈரற்சாறு, இப்பெண்களுள் பலர்க்குப் பயன்படவில்லை, மார்மைட்டோ பயன்பட்டது. எனவே, பருத்த அணுச்சோகைக்குக் காரணமான குறை ஒன்றன்று, இரண்டு என்பது புலனாயிற்று.

இரண்டாவது சத்தின் உருவம் பத்தாண்டுகட்குப்பின் வெளிப்பட்டது. 1941-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து வடித்து, அதிலிருந்து அணுவளவான ஒரு பொருளைப் பிரித்தனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நாம் அதனை இலையமிலம் எனலாம். பசலையிற் பெயர்தொடங்கும் கீரையே சோகைக்கு மருந்தாயிற்று என்பது தமிழ் மாணவர்க்கு இனிய ஒரு செய்தி.

அவ்விலையமிலத்தை இரசாயன முறையில் ஆக்கிக் கொடுத்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர். அவர் 1895-ஆம் ஆண்டில், அன்று சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த பீமவரத்திற் பிறந்தவர்; சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கிராணிபோல வயிற்றைக் கெடுத்து, உண்ட சத்தைச் சேரவிடாமற் சோகையுண்டாக்கும் ஸ்புரூ என்னும் நோயால் அவருடைய தமையனார் இளமையிலேயே மாண்டார். சுப்பாராவையும் அந்நோய் பற்றியது; ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தார். பின் அமெரிக்கா சென்று, வறுமையோடு போராடி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பெரும் ஆராய்ச்சிகள் செய்து, 1940-இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்தார். 1945-இல் அவர் குழுவினர் இலையமிலத்தைச் செய்கையாக ஆக்கினர். ஸ்புரூ நோயாளரின் சோகைக்கும் அது நன்மருந்தாயிற்று. தமையனார்க்கு உதவாத மருந்தைத் தம்பி பிறர்க்கெல்லாம் உதவினார். 1948-இல், தம் 53-ஆம் வயதில், தாய்நாடு திரும்பாமலே அவர் நியூயார்க்கில் உயிர் நீத்தார்.

அதே 1948-இல், ஈரலில் மறைந்திருந்த முதற்சத்தும் அமெரிக்கரிடமும் ஆங்கிலேயரிடமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அகப்பட்டது. செந்நிறப் படிகமாகிய அதற்கு வைட்டமின் பி12 என்று பெயர். அதன் நடுவே கோபால்ட் என்னும் உலோகம் வீற்றிருக்கின்றது. அதன் சிக்கலான உருவத்தை டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் எக்ஸ் கதிர்களின் உதவியால் 1956-இல் வெளியாக்கினார்; 1964-இல் நோபெல் பரிசு பெற்றார்.

இனி, இவ்விரு ஜீவசத்துக்களும் உடலினுள் செய்யும் தொழிலை நோக்குவோம். நம் ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை உள்ளது. நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமிருக்கும். உடலை ஆக்குவதற்குரிய கட்டளைகள் அனைத்தும் அதில் எழுதப்பட்டுள்ளன. அம்மொழிக்கு எழுத்து நான்கே: அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்பன. ஓர் அணு இரண்டாகப் பிரியுமுன் ஏறக்குறைய 600 கோடி இணை எழுத்துக்களையும் ஒன்றுவிடாமற் பெயர்த்தெழுதித் தன் மகவுக்குத் தரவேண்டும். பழைய ஏட்டினின்று புதிய ஏட்டிற்கு நூலைப் பெயர்த்தெழுதும் முறையை நாம் அறிவோம். முழுநூலும் எழுதி முடியுமுன் ஏட்டைக் கட்ட இயலாது. பிரதி முடியாமல் அணுவும் பிரிய இயலாது.

நான்கு எழுத்துக்களுள் தைமின் என்பதே ஈண்டு நம் கருத்துக்குரியது. யுராசில் என்னும் வேறோர் எழுத்தின்மேல் ஒரு கரியணுவையுடைய சிறு தொகுதியைச் சேர்த்தே உடல் அதனை ஆக்குகின்றது. மெய்யெழுத்தின்மேற் புள்ளியிடுவதுபோல என்று கொள்ளலாம். புள்ளி விடுபட்டால் எழுத்து வேறாகிவிடும். அப்புள்ளியைச் சுமந்துவந்து தரும் கூலியாளே இலையமிலம். அது குறைந்தால் தைமின் போதாது; அதன் இடத்தில் யுராசில் தவறாக எழுதப்படும். உட்கருவிற் பிழைதிருத்துவோரும் உளர். அவர்கள் பிழையான எழுத்தை வெட்டியெடுப்பர். வெட்டிய இடத்தில் இடுவதற்கும் தைமின் இல்லாமையால் மீண்டும் யுராசிலே வந்தமரும். வெட்டுவதும் இடுவதுமாய்க் கடைசியில் இழையே அறுந்துபோகும்.

இதற்கிடையில் அணுவின் மற்றைப் பகுதி வளர்ச்சியை நிறுத்துவதில்லை. பிரிய இயலாமல், வளரமட்டும் செய்வதால் அது பருத்துவிடுகின்றது. உட்கருவோ முதிராத நிலையிலேயே நிற்கின்றது. இவ்வாறு பருத்த அணுக்கள் பல, மஜ்ஜையை விட்டு வெளிவருமுன்பே மடிகின்றன. மடிந்தவற்றின் செந்நிறப் பொருள் சிதைந்து மஞ்சளாக மாறுவதால், வெளிறிய மேனியில் இளமஞ்சள் கலக்கின்றது. பாண்டு என்னும் சொல்லின் பொருளுக்கு இந்நிறம் எத்துணைப் பொருத்தம்! நாவின் மேற்பரப்பும் குடலின் உட்பரப்பும் விரைந்து புதுப்பிக்கப்படுவன ஆதலின், அவ்விடங்களிலும் இக்குறை தோன்றும். என் அத்தையாரின் நாக்கு எரிந்த காரணம் இதுவே.

இவ்வளவும் இலையமிலத்தின் தொழிலாயின், பி12 குறைந்தாலும் அதே சோகை வருவானேன்? கூலியாள் சுமந்துவரும் தொகுதி ஒருமுறை மெதில் என்னும் உருவத்தை அடைந்துவிட்டால், அச்சுமையை இறக்கி வாங்குவதற்குப் பி12 வேண்டும். அது இல்லாதபோது கூலியாள் இறக்கவியலாத சுமையோடு நிற்பான். வேறு வேலைக்குப் போகமுடியாது. ஆகவே, உடலில் இலையமிலம் இருந்தும் இல்லாததேயாகும். இந்நிலையில் மாத்திரையாக இலையமிலத்தைத் தந்தால், சுமையற்ற புதிய கூலியாட்கள் வேறு வாயில்வழியாக வருவர், ஏடு பெயர்த்தெழுதும் வேலை மீண்டும் நடக்கும், இரத்தம் தேறும். ஆனால், நரம்புகளைப் போர்த்திருக்கும் உறையைக் காப்பதற்குப் பி12-ஏ வேண்டும். அவ்வேலையை இலையமிலம் செய்யாது. சோகை மறைந்தமையால் வைத்தியரும் உற்றாரும் ஏமாறியிருக்க, முதுகுத்தண்டினுள் நரம்புறை அழிந்துகொண்டேயிருக்கும். 1945-க்குப் பின், இலையமிலம் புதிதாகக் கிடைத்த ஆண்டுகளில், கொடுஞ்சோகையாளர்க்கு அதனைத் தனியே தந்த வைத்தியர் பலர் இத்துயரத்தை நேரே கண்டனர்.

எம் வீட்டில் நிகழ்ந்ததும் இதுவே. பின்னர் ஒரு வைத்தியர், இரத்தத்திற் பி12-இன் அளவைச் சோதிக்கச் செய்தார். அது மிகவும் குறைந்திருந்தது. மீனும் பாலும் நாளும் உண்டவர்க்கு இக்குறை எங்ஙனம் வந்தது என்று வியந்தோம். காசில் கண்ட துணைப்பொருள் அவர் வயிற்றிற் சுரக்கவில்லை. நமக்கு நாள் ஒன்றுக்கு வேண்டும் பி12, ஒரு கிராமின் பத்துலட்சத்தில் ஏறத்தாழ 2 பங்கே. ஈரல் சில ஆண்டுகளுக்குப் போதுமானதைச் சேமித்து வைத்திருக்கும். அதனால் சுரப்பு நின்று நெடுநாளானபின்னரே நோய் வெளிப்பட்டது. இலையமிலத்தின் சேமிப்போ சில மாதங்களுக்கே போதும். விக்டர் ஹெர்பர்ட் என்னும் வைத்தியர், மும்முறை வேகவைத்து அச்சத்தை நீக்கிய உணவையே தாம் உண்டுவந்து, ஏறக்குறைய நாலரை மாதத்தில் தமக்குச் சோகை வருவித்துக்கொண்டு இதனை நிறுவினார். அவர் ஆராய்ச்சி 1962-இல் வெளிவந்தது.

ஏட்டெழுத்தின் இவ்வுண்மை வேறு இரண்டிடங்களிற் பயன்பட்டமையும் கூறத்தக்கது. இலையமிலம் அணுவைப் பெருக்குமாயின், அதனைத் தடுத்தால் வரம்பின்றிப் பெருகும் தீய அணுக்கள் அடங்கவேண்டுமன்றோ? சிட்னி ஃபார்பர் என்னும் பாஸ்டன் நகரத்து வைத்தியர், சுப்பாராவின் குழுவினர் ஆக்கிக்கொடுத்த அமினாப்டெரின் என்னும் எதிர்ப்பொருளை, இரத்தப்புற்று நோய்கொண்ட 16 சிறுவர்க்குத் தந்தார். பதின்மர் சிலகாலம் தேறினர். அது நிலையான தீர்வன்றாயினும், மருந்தால் அந்நோயைப் பின்னிடச் செய்யலாம் என்பதை 1948-இல் உலகம் முதன்முறையாகக் கண்டது. மற்றொன்று, கருவிலுள்ள சிசுவைப்பற்றியது. மூளையும் முதுகுத்தண்டும் ஆகவேண்டிய குழாய், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ளும். ஏழு நாடுகளில் நடந்து 1991-இல் வெளியான ஆராய்ச்சியில், அக்குழாய் மூடாத குழந்தையை முன்பு பெற்ற தாய்மார் கருவுறுமுன்பே இலையமிலம் உண்டமையால், அக்குறை மீண்டும் நேர்தல் 72 சதவீதம் குறைந்தது. கருவுற்றிருத்தலைப் பல மாதர் அறியுமுன்பே அந்த 28 நாட்கள் கழிந்துவிடுமாதலின், முன்கூட்டியே அதனை உட்கொள்வது அவசியமாகின்றது.

இவற்றால் நாம் கடைப்பிடிக்கத்தக்கன சில. இலையமிலம் கீரைகளிலும் பயறு, பருப்பு வகைகளிலும் நிறைய உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுதல், சத்தைக் கொட்டுதலேயாம். பி12-ஐயோ யாதொரு செடியும் ஆக்குவதில்லை, நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி என்பவற்றின்வழியே அது நமக்குக் கிடைக்கும். பாலும் நீக்கிய மரக்கறியுணவினர் அதனை மருந்தாகவேனும் பெறுதல் வேண்டும். முதியோர்க்கும், வயிற்றை அறுத்து நீக்கும் சிகிச்சை பெற்றோர்க்கும், உண்டும் சேராத நிலை வரலாம். வெளிறலோடு நாவெரிச்சலோ, பாதத்தில் மரமரப்போ, இருளில் தடுமாற்றமோ காணுமாயின், வயதின்மேற் பழிபோடாது இரத்தத்தைச் சோதித்தறிதல் கடன். பி12-இன் நிலையை அறியுமுன் இலையமிலத்தைத் தனியே தருதல் ஆகாது.

இக்காலத்தில் என் அத்தையார்க்குக் குறித்த நாள்தோறும் பி12 ஊசிவழியாகச் செலுத்தப்படுகின்றது. அவர் கைகள் பழைய உணர்ச்சியைப் பெற்றன, நாவெரிச்சல் நீங்கிற்று. பாதங்களோ முழுதும் தேறவில்லை; நெடுநாள் அழிந்த உறை எளிதில் மீள்வதில்லை. இப்பொழுதும் மாலையிற் கோயிலுக்குச் செல்கின்றார். ஒருகையிற் கோலும், மறுகையில் என் தோளுமாக மெல்ல நடப்பார். விளக்கில்லாத திருப்பத்தில் என் தோளை இன்னும் இறுகப் பற்றுவார். நோயின் பெயரை அறிந்த அளவில் அமையாது அதன் முதலையும் நாடியிருப்போமாயின், அக்கோல் அவர்க்கு வேண்டியிராது. முகத்தில் நிறம் ஏறக்கண்டு நாங்கள் களித்த அந்தச் சில வாரங்களை நினைக்குந்தோறும், கண்ணுக்குப் புலனாகும் நலம் ஒன்றையே நலமெனக் கொள்ளற்க என்னும் பாடம் எனக்கு உறைக்கின்றது. நண்பர்களும் இதனை மனத்திற் கொண்டு, தம் வீட்டு முதியோரின் நடையைச் சிறிது உற்றுநோக்குவாராயின், யான் இதை எழுதியதன் பயனை அடைந்தவனாவேன்.